தில்லித் தமிழ்ப் புனைகதைகளில் தகவமைதல்: பணிப்பெயர்வும் பிழைப்புப்பெயர்வும்

முன்னுரை

பிறந்த மண்ணை விட்டு நீங்கி வேற்றுமொழி வழங்கும் நகரில் வாழ நேர்ந்தவர், அந்நகரின் வாழ்முறையோடு தம்மைப் பொருத்திக்கொள்ளும் முறையைத் தகவமைதல் எனலாம். தமிழில் இப்பொருள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஈழத்தமிழரின் புலம்பெயர்வையும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் குடியேற்றத்தையும் மையமிட்டு அமைந்துள்ளன. நாட்டெல்லையைக் கடவாமலே மொழியெல்லையைக் கடந்து தில்லியில் வாழ்ந்த தமிழரைப் பற்றிய புனைகதைகளோ, ‘நகர வாழ்வு’, ‘அந்நியமாதல்’ ஆகிய தலைப்புகளின்கீழ் வைத்தே மிகுதியும் பேசப்பட்டு வந்துள்ளன. அவற்றைப் பெயர்வு இலக்கியமாக வாசிக்கும்போது சில புதிய வினாக்கள் எழுகின்றன. தகவமைவோர் யார்? எதனோடு தகவமைகின்றனர்? அவர்களுக்குத் திரும்பிச் செல்ல இடமுண்டா? இவ்வினாக்களை முன்வைத்து இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் ஆகியோரின் தில்லி நாவல்களை ஆராய்வதும், அவற்றைத் திறனாய்வு வாசித்த முறையை மறுபரிசீலனை செய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மொழிபெயர் தேயமும் பிரிவின் மரபும்

பொருளீட்டும் பொருட்டு ஊர் நீங்குதல் தமிழ் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. ஓதல், தூது, பகை, பொருள் முதலான காரணங்களால் நிகழும் பிரிவுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. வேங்கடத்துக்கு அப்பாற்பட்ட நிலப்பகுதியைச் சங்கப் பாடல்கள் ‘மொழிபெயர் தேயம்’ எனச் சுட்டுகின்றன. மொழி மாறும் இடமே நிலம் மாறும் இடம் என்னும் உணர்வு அத்தொடரில் பொதிந்துள்ளது.

எனினும், இப்பாலைப் பாடல்கள் எதைப் பாடின, எதைப் பாடவில்லை என்பது கருதத்தக்கது. தலைவன் கடக்கும் சுரத்தின் வெம்மை பாடப்பெற்றது. இல்லிருந்து வருந்தும் தலைவியின் துயர் பாடப்பெற்றது. அவன் மீண்டு வரும் பருவம் பாடப்பெற்றது. ஆனால், மொழிபெயர் தேயத்தைச் சென்றடைந்தபின் அவன் அங்கு எவ்வாறு வாழ்ந்தான், எம்மொழியில் பேசினான், யாரோடு உண்டான் என்பன பாடுபொருளாகவில்லை. பாலைத்திணையில் வேற்றுநிலம் என்பது தலைவன் இல்லாத இடமாகிய வீட்டின் மறுபெயரே. மீட்சி உறுதியென்பதால் அங்குத் தகவமையும் தேவையும் இல்லை.

இம்மரபு விட்ட இடைவெளியைத்தான் இருபதாம் நூற்றாண்டின் தில்லித் தமிழ்ப் புனைகதை நிரப்பியது. சுரத்தைப் புகைவண்டி இரண்டு நாட்களில் கடந்துவிட்டபின், எஞ்சியது சென்றடைந்த இடத்தின் வாழ்வே.

தில்லித் தமிழ்ச் சமூகத்தின் அமைப்பு

1911இல் தலைநகர மாற்றம் அறிவிக்கப்பெற்று, 1931இல் புதுதில்லி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. ஆங்கிலக் கல்வி பெற்ற சென்னை மாகாணத்தவர் அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சென்று சேர்ந்தனர். அவர்தம் குழந்தைகளின் கல்விக்காக 1923இல் ‘மதராசி கல்விக் கழகம்’ உருவாயிற்று. அதுவே பின்னர்த் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் எனப் பெயர் மாறி ஏழு பள்ளிகளை நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. தட்சிண பாரத நாடக சபா தமிழ் நாடகங்களை மேடையேற்றியது. 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்து ‘கணையாழி’ இதழைத் தொடங்கினார். தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சம் பெற்ற அதே ஆண்டில், இந்தி வழங்கும் தலைநகரிலிருந்து நவீனத் தமிழிலக்கியத்துக்கான இதழொன்று வெளிவரத் தொடங்கியமை வரலாற்று முரண் எனலாம்.

விடுதலைக்குப்பின் எழுந்த அரசுக் குடியிருப்புகள் இச்சமூகத்தின் வாழ்விடமாயின. கரோல் பாக், லோதி காலனி, சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம் ஆகிய பகுதிகளில் தமிழர் செறிந்து வாழ்ந்தனர். ராமகிருஷ்ணபுரத்தில் 1973இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர் என்னும் உத்தர சுவாமிமலை, சோழநாட்டுத் திருத்தலமொன்றின் பெயரையே வடக்கே கொண்டுசென்றது.

இக்குடியிருப்புகளின் இயல்பு இவ்விலக்கியத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. வீடுகள் ஊதியப் படிநிலைக்கேற்ப வகைபிரித்து ஒதுக்கப்பட்டன. எனவே, ஒருவரின் முகவரியே அவரது பதவியைக் காட்டிக்கொடுத்தது. பக்கத்து வீட்டினர் பஞ்சாபியராகவோ வங்காளியராகவோ இருப்பினும் ஏறத்தாழ ஒரே ஊதியம் பெறுபவராக இருந்தனர். மொழி வேறுபாட்டினும் பதவி வேறுபாடே அன்றாட வாழ்வைத் தீர்மானித்தது. இன்னொன்று, மத்திய அரசு ஊழியர் விடுப்புப் பயணச் சலுகை பெறுவதற்குத் தம் சொந்த ஊரை அலுவலகத்தில் அறிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். அதாவது, ஊர் என்பது நினைவில் மட்டுமன்றிப் பணிப்பதிவேட்டிலும் இருந்தது. திரும்பிச் செல்லுதல் அவர்க்கு ஏக்கம் மட்டுமன்று, எழுதிவைக்கப்பட்ட உரிமையுமாகும்.

இவ்வாறு பதவியால் நிகழ்ந்து, பதவியால் காக்கப்பட்டு, ஓய்வூதியத்தோடு நிறைவுறும் இடப்பெயர்வைப் ‘பணிப்பெயர்வு’ எனக் குறிக்கலாம். இக்காப்புகள் ஏதுமின்றி உடலுழைப்பை மட்டும் நம்பி நிகழும் இடப்பெயர்வைப் ‘பிழைப்புப்பெயர்வு’ எனலாம். இவ்விரண்டையும் ‘புலம்பெயர்வு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, அவற்றின் அடிப்படை வேறுபாடு மறைந்துவிடுகிறது.

தில்லியில் வாழ்ந்தும் தில்லியை எழுதுவது எல்லாருக்கும் இயல்பாக அமைந்துவிடவில்லை. 1968இல் அகில இந்திய வானொலிப் பணியின் பொருட்டுத் தில்லி சென்ற தி. ஜானகிராமனின் படைப்புலகம் பெரிதும் காவிரிக்கரையிலேயே நிலைகொண்டிருந்தது. அவரைப் பொறுத்தவரை, தொலைவு தஞ்சையை மேலும் துலக்கமாகக் காட்டும் கண்ணாடியாயிற்று எனலாம். தில்லியையே கதைக்களமாக ஏற்று அதன் தமிழரை எழுதியவர்களுள் முதன்மையானவர்கள் இந்திரா பார்த்தசாரதியும் ஆதவனும் ஆவர்.

இந்திரா பார்த்தசாரதி: தந்திரமாகும் தகவமைதல்

கும்பகோணத்தில் வளர்ந்து, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர் இந்திரா பார்த்தசாரதி. வளர்ந்தபின் நகருக்குள் நுழைந்தவர் என்பதால், அதை வெளியிலிருந்து காணும் எள்ளல் பார்வை அவருக்கு வாய்த்துள்ளது. ‘தந்திர பூமி’, ‘சுதந்திர பூமி’ ஆகிய நாவல்களின் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினாலே அப்பார்வை விளங்கும். ஒரே ஓர் எழுத்துதான் இரண்டையும் பிரிக்கிறது. சுதந்திர நாட்டின் தலைநகர் தந்திரத்தின் நிலமாக மாறிய வரலாறு அவ்வோர் எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது.

‘தந்திர பூமி’யின் கஸ்தூரி, அதிகார வட்டத்தில் தன் சாதுரியத்தால் மேலேறி, அச்சாதுரியத்துக்கே இரையாகும் தமிழ் இளைஞன். அவனுடைய இடர்ப்பாடு தில்லியின் குளிரோ கோதுமை உணவோ இந்தியோ அன்று. நகரின் விதிகளை மிக விரைவாகக் கற்றுக்கொண்டுவிட்டதே அவனது இடர்ப்பாடு. தகவமைய இயலாதவன் தோற்பான் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இந்நாவலோ முற்றிலும் தகவமைந்தவனே தோற்கிறான் எனக் காட்டுகிறது.

‘சுதந்திர பூமி’யின் முகுந்தன், மிஸ்ரா என்னும் அரசியல்வாதியின் வீட்டுக்குள் சமையல்காரனாக நுழைந்து அரசியலில் வளர்ச்சி பெறுகிறான். இந்நாவல்களில் உடலுழைப்பால் நகருக்குள் இடம் பெறும் தமிழனாக அவனைக் கருதலாம். ஆயினும் அவன் படித்த இளைஞன். சமையற்கட்டு அவனுக்கு வாழ்விடமன்று, வரவேற்பறைக்குச் செல்லும் வழி மட்டுமே. தென்னிந்தியச் சமையற்காரன் என்னும் வேடமும் அவனது முன்னேற்றத்துக்கு ஒரு முதலீடாகிறது. வடவர் மனத்தில் பதிந்துள்ள ‘மதராசி’ பற்றிய வார்ப்பு உருவைப் பயன்படுத்தி, அவ்வுருவிலிருந்தே விடுபடுகிறான் என்பது நுட்பமாகக் கவனிக்கத்தக்கது.

‘ஹெலிகாப்டர்கள் கீழே இறங்கிவிட்டன’ நாவலில் நடுவயதை எட்டிய அமிர்தம் இழந்த இளமையின் நிழலைத் துரத்துகிறான். இங்கு நகரம் பின்னணியாக ஒடுங்கி, மனத்தின் ஊசலாட்டம் முன்னிலை பெறுகிறது. அதிகார நகரில் நிலைபெற்றுவிட்டவனுக்குத் தகவமையாமல் எஞ்சுவது தன் கடந்தகாலம் மட்டுமே என இதனை வாசிக்கலாம்.

ஆதவன்: வேடமாகும் தகவமைதல்

கே. எஸ். சுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட ஆதவன் (1942–1987) கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். எனினும் கல்வி கற்றதும் பணியாற்றியதும் தில்லியில். ஆதலின் அவரை இரண்டாம் தலைமுறைத் தில்லித் தமிழர் என்றே கொள்ளுதல் வேண்டும். இந்திரா பார்த்தசாரதிக்குத் தில்லி சென்றடைந்த இடம். ஆதவனுக்கோ அது வளர்ந்த இடம். இவ்வேறுபாடு இருவரின் எழுத்து முறையையும் வேறுபடுத்துகிறது. முன்னவரிடம் எள்ளல் மேலோங்க, பின்னவரிடம் தன்னையே கூறுபோட்டுப் பார்க்கும் தற்சோதனை மேலோங்குகிறது.

‘காகித மலர்கள்’ (1977) உயரதிகாரி பசுபதியின் குடும்பத்தை மையமாகக் கொண்டது. அக்குடும்பத்தின் மூத்த மகன் விசுவம் அமெரிக்காவிலிருந்து மனைவி பத்மினியோடு திரும்புகிறான். செல்லப்பா தாழ்வுணர்ச்சியில் உழல்கிறான். பத்ரி தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும் வழிகளைத் தேடுகிறான். அதிகார வட்டத்து விருந்துகளில் பொருந்திப்போகும் குடும்பத்தலைவி, பெரும்பாலும் ‘மிஸஸ் பசுபதி’ என்றே சுட்டப்படுவது எண்ணத்தக்கது. இயற்பெயர் பின்தள்ளப்பட்டு, பதவியோடு ஒட்டிய அடைமொழி பெயராகிவிடுகிறது. தமிழ் முறைப்படி ‘திருமதி’ எனவும் அமையாமல், குடும்ப உறவுச் சொல்லாகவும் அமையாமல், ‘மிஸஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லால் அப்பெயர் அமைவது அப்பாத்திரத்தின் இரட்டை விலகலை உணர்த்துகிறது.

இந்நாவலில் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்றும் மூன்று மொழிகளாக மட்டுமன்றி மூன்று வேடங்களாகவும் இயங்குகின்றன. வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என அவை பங்கிடப்படுகின்றன. எந்த மொழியில் பேசுகிறபோதும் மற்ற இரண்டில் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனமே ஆதவனின் கதைமாந்தரது தனித்தன்மை. அவரது நடையில் ஆங்கிலச் சொற்கள் மிகுந்திருப்பதைக் குறையாகக் காண்பதினும், அவர் எழுதிய வாழ்வின் மொழிநிலையாகக் காண்பதே பொருந்தும்.

‘ஞாயிற்றுக்கிழமைகளும் பெரிய நகரமும் அறையில் ஓர் இளைஞனும்’ என்னும் சிறுகதைத் தலைப்பே ஒரு சமூக ஆவணம் போன்றது. ‘உம்’ இடைச்சொல்லால் அடுக்கப்படும் காலம், இடம், மாந்தன் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இயைபின்றி அருகருகே நிற்கின்றன. அலுவலகம் இயங்காத நாளில் பணிப்பெயர்ந்தவனுக்கு நகரில் இடமில்லை. வேலை நாட்களில் பதவி அவனுக்கு ஓர் அடையாளத்தைத் தருகிறது. விடுமுறை அதைப் பறித்துவிடுகிறது. ஆகவே, இத்தனிமை நகரப் பெருக்கத்தால் மட்டும் விளைந்ததன்று, பதவியொன்றே நகரோடு பிணைக்கும் கயிறாக இருக்கும் வாழ்வமைப்பால் விளைந்தது.

‘அந்நியமாதல்’ வாசிப்பின் எல்லை

மேற்கண்ட படைப்புகளை இருத்தலியல் நோக்கில் அணுகுவது திறனாய்வில் வழக்கமாயிற்று. மனிதன் தன்னிலிருந்தே அந்நியமாதல் என்னும் கருத்தாக்கம் இப்படைப்புகளின் உளவியல் நுட்பங்களை வெளிக்கொணரத் துணைசெய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதனால் ஒரு குறையும் நேர்ந்தது. குறிப்பிட்டதொரு சமூகப் பிரிவினரின், குறிப்பிட்டதொரு நிறுவனம் சார்ந்த மனநிலை, ‘நவீன மனிதனின்’ பொது மனநிலையாக உயர்த்தப்பட்டது.

இக்கதைமாந்தர் பெரும்பாலும் உயர்சாதியினர், ஆங்கிலம் அறிந்தவர், மாத ஊதியம் பெறுபவர். அவர்களது வீட்டுக் கூரை அரசுடையது. அவர்களுக்கு நேரும் நெருக்கடி, ‘நான் யார்?’ என்பது. ‘நான் எங்கே உறங்குவேன்?’ என்பதன்று. முதல் வினாவை எழுப்புவதற்கே இரண்டாம் வினாவுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். அந்நியமாதல் இவர்களது துன்பம் என்பது உண்மை. அத்துன்பம் காப்புடையவரின் துன்பம் என்பதும் உண்மை. படைப்பாளர் இருவரும் தத்தம் மாந்தரை இவ்வெல்லைக்குள் வைத்தே நேர்மையாக எழுதினர். எள்ளலும் தற்சோதனையும் அந்நேர்மையின் வடிவங்களே. எல்லையை அழித்துப் பொதுமைப்படுத்தியது திறனாய்வேயாகும்.

குருதிப்புனல்: திரும்பும் பார்வை

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட ‘குருதிப்புனல்’ 1977ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நிலவுடைமையாளரின் வன்மத்தைப் பாலியல் குறைபாட்டோடு இணைத்தமை குறித்து அந்நாவல்மீது எழுந்த விவாதங்கள் பரவலாக அறியப்பட்டவை. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. நாவலின் கோபால் தில்லி வாழ்வைத் துறந்து தஞ்சைச் சிற்றூருக்கு வருகிறான். அவனைத் தேடி நண்பன் சிவாவும் தில்லியிலிருந்து வருகிறான். தில்லியில் பொருளற்றுப்போன வாழ்வுக்குப் பொருள் தேடும் இடமாக உழைக்கும் மக்களின் ஊர் அமைகிறது.

பணிப்பெயர்வுக்கே உரிய மீட்சி உரிமை இங்கு அறத்தேடலாக உருமாறுகிறது. தலைநகரில் வாழ்ந்தவன் சேரிக்குத் திரும்புகிறான். ஆனால், அதே பத்தாண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்துகொண்டிருந்தது. தமிழகத்தின் வறண்ட வட மாவட்டங்களிலிருந்து நிலமற்ற உழைப்பாளர் தில்லிக்குச் சென்றுகொண்டிருந்தனர். கோபாலும் சிவாவும் தெற்கு நோக்கி வந்த அதே இருப்புப்பாதையில் அவர்கள் வடக்கு நோக்கிச் சென்றனர். இங்கு எடுத்துக்கொண்ட நாவல்களில் அவர்கள் மையப் பாத்திரமாகவில்லை. உழைக்கும் தமிழரைக் காணத் தில்லித் தமிழர் தஞ்சைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர்கள் தில்லியிலேயே இருந்தனர் என்பது புனைகதையின் பார்வைப் புலத்துக்கு வெளியே நின்றது.

ஒரு பெயர், இரு வாழ்வு

அவ்வாறு சென்றவர்களுள் ஒரு பகுதியினர் ஜங்புராவில், நிஜாமுதீன் இரயில் நிலையத்துக்கு அண்மையில், பாராபுல்லா வடிகாலின் கரையில் குடிசை அமைத்தனர். அக்குடியிருப்பு ‘மதராசி முகாம்’ எனப் பெயர் பெற்றது. ஆண்கள் கட்டடப் பணி முதலிய கூலி வேலைகளையும், பெண்கள் அண்டைப் பகுதிகளில் வீட்டு வேலையையும் செய்து வாழ்ந்தனர். குழந்தைகளுள் பலர் லோதி எஸ்டேட்டிலுள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயின்றனர். எழுத்தர் சமூகம் தன் மக்களுக்காகத் தொடங்கிய கல்வி முயற்சி, கூலிச் சமூகத்தின் மக்களுக்குத் தமிழ் தந்தது என்பது போற்றத்தக்க நிகழ்வாகும். புனைகதை சந்திக்க வைக்காத இரு சமூகங்களைப் பள்ளிக்கூடம் சந்திக்க வைத்தது.

வடிகாலைத் தூர்வாரும் பொருட்டுத் தில்லி உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அம்முகாம் இடிக்கப்பட்டது. அங்கிருந்தவை ஏறத்தாழ 370 குடிசைகள். தகுதியுடையோராகக் கண்டறியப்பட்டவர்க்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்ககம் ஒதுக்கப்பட்டது. பெருந்தொகையினர் அத்தகுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை. தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கை, குறிப்பிட்ட நாளுக்கு முன்பிருந்தே அங்குக் குடியிருந்தமையை வாக்காளர் பட்டியல் முதலிய ஆவணங்களால் மெய்ப்பிக்கக் கோருகிறது. வீடு பெற்றவர்க்கும் வேலையிடமும் தமிழ்ப்பள்ளியும் எட்டாத் தொலைவாயின.

இங்கு இருவகைப் பெயர்வுகளின் வேறுபாடு முழுமையாகப் புலனாகிறது. பணிப்பெயர்ந்தவர் தாம் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதைப் பதிவேட்டில் அறிவித்தால் போதும், சலுகை கிட்டும். பிழைப்புப்பெயர்ந்தவரோ தாம் தில்லியில்தான் வாழ்ந்தார் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். முன்னவருக்கு ஊர் சான்றாயிற்று. பின்னவருக்கு நகரமே சான்று கேட்டது. முன்னவரது தகவமைதல் மனத்துக்குள் நிகழும் நாடகம். பின்னவரது தகவமைதலோ அரை நூற்றாண்டுக் காலம் நிகழ்ந்து முடிந்தபின்னும் ஆவணத்தில் ஏறாதது.

‘மதராசி’ என்னும் பெயரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. வடவர் சூட்டிய அப்பெயரைக் கல்விக் கழகம் காலப்போக்கில் களைந்து ‘தமிழ்’ என்னும் பெயரை ஏற்றது. பெயரை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் தகவமைதலின் வெற்றிக்கு அடையாளம். வடிகாற்கரையில் வாழ்ந்தவர்க்கு அப்பெயர் இறுதிவரை நீங்கவில்லை. முகாம் அழிந்தபோதுதான் பெயரும் அழிந்தது.

அரசுக் குடியிருப்புகளும் நிலைத்து நிற்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை மறுகட்டுமானம் செய்யும் திட்டத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால், அவ்வகைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களின் வாழ்வு ‘காகித மலர்கள்’ போன்ற நாவல்களில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆதவனின் எழுத்தைப் படிக்கும் இன்றைய மாணவர், இடிந்த வீடுகளுக்குள்ளும் நுழைந்து அங்கு ஒலித்த உரையாடலைக் கேட்க இயலும். மதராசி முகாமுக்குள் அவ்வாறு நுழைவதற்கு இந்நாவல்கள் வாயில் திறக்கவில்லை.

முடிவுரை

தில்லித் தமிழ்ப் புனைகதை, பாலைத்திணை மரபு பாடாது விட்ட வேற்றுநில வாழ்வைப் பாடுபொருளாக்கித் தமிழ் இலக்கியத்தின் எல்லையை விரித்தது. இந்திரா பார்த்தசாரதியிடம் தகவமைதல் தந்திரமாகவும், ஆதவனிடம் வேடமாகவும் உருப்பெறுகிறது. இவ்விரண்டும் பதவி தந்த காப்புக்குள் நிகழ்ந்த தகவமைதல்களாகும். அவற்றை மனிதப் பொதுமையாக்கி வாசித்தபோது, காப்பற்றோரின் தகவமைதல் திறனாய்வின் கண்ணுக்குத் தப்பியது.

படைப்பாளர் தாம் அறிந்த வாழ்வையே எழுதினர் என்பதால் அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. குறை நீக்க வேண்டிய பொறுப்பு ஆய்வுலகைச் சார்ந்தது. நரேலாவுக்குச் சென்றவரும், செல்ல வழியின்றிச் சிதறியவரும் தம் முதல் தலைமுறை வருகையை இன்னும் நினைவில் கொண்டுள்ள காலம் இது. அவர்தம் வாய்மொழி வரலாறுகள், இந்தி கலந்த வழக்குகள், வழிபாட்டு மரபுகள் ஆகியவற்றைத் தமிழ்த்துறைகள் களஆய்வின்வழித் திரட்டுதல் இன்றியமையாதது. அப்பணி நிகழுமாயின், ‘தில்லித் தமிழர்’ என்னும் தொடர் தன் முழுப்பொருளைப் பெறும். நிகழாதாயின், இடித்தவர் அகற்றிய குடியிருப்பை இலக்கிய வரலாறும் ஒருமுறை அகற்றியதாகிவிடும்.